சீரியல் முகம் சினிமாவுக்கு ஆகாதா? - வாசகர் கேள்வி பதில்

சார், சீரியல்ல நடிச்ச முகம் சினிமாவுல எடுபடாது, வீட்டு ஹால்ல தினமும் ஓசில பாக்குற முகத்துக்கு எவன் டிக்கெட் எடுப்பான்னு எங்க வீட்டுக்காரர் அடிச்சு சொல்றாரு. நிஜமா?
- ஒரு வாசகி, பண்ணைக்காடு

பாதி நிஜம்தாம்மா. ஆனா மெக்சிகோல சல்மா ஹாயெக்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்களை உங்க வீட்டுக்காரருக்குக் காட்டுங்க. 1989ல 'தெரேசா'ன்னு ஒரு சீரியல், ஏழை வீட்டுப் பொண்ணு, பணக்கார வாழ்க்கைக்காக யாரை வேணா மிதிச்சுட்டு ஏறுவா, அந்த ரோல்தான் இவங்க, ஊரே டிவி முன்னாடி உக்காந்துச்சு. (அங்க சீரியல்னா நம்ம ஊரு மாதிரி தொட்டில் குழந்தை காலேஜ் போற வரைக்கும் இழுக்க மாட்டாங்க, சில மாசத்துல கதையை முடிச்சு சுபம் போட்டுருவாங்க. கொடுத்து வச்சவங்க.) அப்படி உச்சத்துல இருக்கும்போதே 1991ல பெட்டியைக் கட்டிட்டு லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிட்டாங்க. இங்கிலீஷ் தடுமாறும், எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்கே சிரமப்படுத்துற டிஸ்லெக்ஸியா வேற. ஊர்ல ஸ்டார், அங்க யாருன்னே தெரியாது, துண்டு துக்கடா வேஷம்தான். 1995ல 'டெஸ்பராடோ'ல ஆன்டோனியோ பாண்டராஸுக்கு ஜோடியா வந்தப்புறம்தான் ஹாலிவுட் திரும்பிப் பாத்துச்சு.

சல்மான்னு பேரு வச்சிருக்காங்களே, நம்ம பக்கமா இருப்பாங்களோ?
- பெருமாள்மலை வாசகர்

அப்பா வழி லெபனான், அதான் அந்தப் பேரு. அம்மா ஓபரா பாட்டுக்காரங்க. பொறந்தது வெராக்ரூஸ் மாநிலத்துல கடலோர ஊரு. மெக்சிகோவுக்கும் நம்ம மலைக்கும் சொந்தம் வேணும்னா பந்தல்ல தொங்குற சௌசௌவைக் கேளுங்க, அதுக்குப் பொறந்த வீடு அந்தப் பக்கம்தான். டேலியா பூவுக்கும்.

'ஃப்ரீடா' படம் நல்லா இருக்கும்னாங்க, அதுல என்ன விசேஷம்?
- கொடைக்கானல் வாசகி

போன ஐப்பசி மழைல ரெண்டு தடவை கரண்ட் போயி மூணு ராத்திரியா பாத்து முடிச்ச படம் அது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்குங்க. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவோட வாழ்க்கை, வெளிவந்தது 2002ல. சல்மா வெறும் ஹீரோயின் இல்ல, தயாரிப்பாளரும் அவங்கதான், வருஷக்கணக்கா இந்தக் கதையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. ஹாலிவுட்டோட பெரிய தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனோட கம்பெனியில எடுத்தாங்க. அவரோட ஆசைக்கு இணங்கலைன்னதும் ஸ்கிரிப்டை மாத்தி எழுது, ஒரு கோடி டாலர் நீயே திரட்டு, பெரிய டைரக்டரைப் பிடி, சின்ன வேஷத்துக்கெல்லாம் பேர் போன நடிகர்களைக் கொண்டு வான்னு கண்டிஷன் மேல கண்டிஷன் போட்டாருன்னு 2017 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ்ல அவங்களே எழுதினாங்க. அவர் தரப்பு மறுத்துச்சு. ஆனா பாருங்க, கேட்ட அத்தனையும் இந்தம்மா செஞ்சு காட்டிட்டாங்க, ஜூலி டேமோர் டைரக்ட் பண்ணாங்க, எட்வர்ட் நார்ட்டன், ஆஷ்லி ஜட், பாண்டராஸ் எல்லாரும் சின்ன வேஷத்துக்கு வந்து நின்னாங்க. படத்துக்கு ஆறு ஆஸ்கர் நாமினேஷன், மேக்கப்புக்கும் இசைக்கும் விருதே கிடைச்சுது. சிறந்த நடிகை நாமினேஷன்ல மெக்சிகோக்காரி ஒருத்தி வந்தது அதுதான் முதல் தடவை. விருதை நிக்கோல் கிட்மன் வாங்கிட்டுப் போயிட்டாங்க, எனக்கு அதுல இன்னும் வருத்தம் உண்டு.

ஜெயிச்சப்புறம் சீரியலை மறந்துட்டாங்களான்னா அதுவும் இல்ல. கொலம்பியா சீரியல் ஒண்ணை அமெரிக்காவுக்குக் கொண்டு போயி 2006ல 'அக்லி பெட்டி'ன்னு தயாரிச்சாங்க. நம்ம இந்தி டிவில 2003ல கண்ணாடியும் பல்லு கிளிப்புமா வந்த 'ஜஸ்ஸி'யும் அதே கொலம்பியா கதையோட பொண்ணுதான்.

மலை ஊர்ல பொறந்துட்டு நடிக்க ஆசைப்பட்டா சிரிக்கிறாங்க அண்ணா.
- கல்லூரி மாணவி, தாண்டிக்குடி

சிரிக்கிறவங்க கிட்ட யலிட்ஸா அபரிசியோ பேரைச் சொல்லும்மா. மெக்சிகோவுல ஒஹாகா மாநிலத்துல ட்லாஷியாகோன்னு ஒரு மலை ஊரு, பழங்குடி குடும்பம், சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறதுக்குப் படிச்ச பொண்ணு, நடிப்புன்னா என்னன்னே தெரியாது. 'ரோமா' படத்துல வீட்டு வேலை செய்யற பொண்ணா நடிச்சு 2019ல சிறந்த நடிகை ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனா, சல்மாவுக்கு அப்புறம் அந்த லிஸ்ட்ல ரெண்டாவது மெக்சிகோ நடிகை. வேஷத்துக்காக மிக்ஸ்டெக்னு ஒரு பழங்குடி மொழி புதுசா கத்துக்கிட்டாளாம், உனக்கு அந்தத் தொல்லையும் இல்ல.

பாட்டியோட உக்காந்து பாக்குற மாதிரி சல்மா படம் ஒண்ணு சொல்லுங்க.
- பூம்பாறை வாசகர்

2011ல வந்த 'புஸ் இன் பூட்ஸ்' கார்ட்டூன் படம். திருட்டுப் பூனைக்குக் குரல் மட்டும்தான் அவங்க. மத்ததெல்லாம் பாட்டி தூங்கினப்புறம் போடுங்க.