அமெரிக்க மருத்துவமனையில் ரெசிடென்சி: என் முதல் ஜூலை

கேள்வி: இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற சிறப்பு மருத்துவப் பயிற்சியில் சேருபவர்களுக்கு முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்? எது ரொம்பக் கஷ்டம்?

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது பேச்சு. நோய், மருந்து, டோஸ் எல்லாம் தேர்வுக்குப் படித்தது ஓரளவு கைகொடுத்தது. யாரிடம் எதை எப்படிக் கேட்பது, எப்போது வாயைத் திறப்பது என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தேன். ஹவுஸ் சர்ஜன் முடித்து, யூஎஸ்எம்எல்இ என்கிற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகளுக்கு இரண்டரை வருடம் உட்கார்ந்து, மிச்சிகன் மாநிலத்தில் இன்டர்னல் மெடிசின், அதாவது பொது மருத்துவம், கிடைத்தது. எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை, யாருக்கு எந்த மருத்துவமனையில் இடம் என்று சொல்லும் 'மேட்ச்' முடிவு வரும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவர்களில் அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. அதனால் ஊரில் லட்டு கொடுத்துக் கொண்டாடினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஜூன் கடைசியில் ஓரியண்டேஷன். பேட்ஜ், பேஜர், இதயம் நின்றால் என்ன செய்வது என்கிற ஏசிஎல்எஸ் பயிற்சி, கணினிப் பதிவேட்டில் பழக்கம். என்95 மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தலையில் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டி உள்ளே கசப்பு மருந்தைப் பீய்ச்சுகிறார்கள். கசப்பு தெரிந்தால் மாஸ்க் ஃபெயில். காசநோய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த நர்ஸ் என் தோளில் இருந்த பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைப் பார்த்து, எங்கே அடிபட்டது என்று கேட்டார். அங்கே பிசிஜி வழக்கமாகப் போடுவதில்லை. வீடு, வங்கி, சோஷியல் செக்யூரிட்டி எண் இழுபறியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுகிறேன்.

ஜூலை 1. நாடு முழுக்க இன்டர்ன்கள், அதாவது முதல் வருட ரெசிடெண்டுகள், ஏறக்குறைய ஒரே நாளில் சேருவதால், ஜூலையில் மட்டும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே என்று அங்கே ஒரு கேலி உண்டு. என் முதல் நோயாளியே அதைச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் நான் ஊசியைத் தொடும்போதெல்லாம் என் கையையே பார்த்தார்.

அப்புறம் வார்த்தைகள். அங்கே நமக்கு மேலே இருக்கும் மூத்த மருத்துவருக்கு 'அட்டெண்டிங்' என்று பெயர். நம் ஊரில் அட்டெண்டர் என்றால் நோயாளியோடு கூட இருக்கும் ஆள்; ஃபிளாஸ்க்கும் பாயுமாக வார்டு வாசலில் கிடப்பவர். முதல் நாள் சீனியர் ரெசிடெண்ட் "அட்டெண்டிங் எங்கே?" என்று கேட்டபோது, "மகள் கீழே காபி வாங்கப் போயிருக்கிறாள்" என்று பதில் சொன்னேன். ஒரு நோயாளியிடம் "லூஸ் மோஷன் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் தோளைச் சுழற்றிக் காட்டி, நன்றாகத்தான் அசைகிறது என்றார். இரவில் நர்ஸ் தொலைபேசியில் காய்ச்சல் என்றதும் "பாரசிட்டமால் 650" என்று வாய் தானாகச் சொன்னது. மறுமுனையில் அமைதி. டைலனால் என்றால்தான் புரியும், கணினியில் அசிட்டமினோஃபென் என்று தேட வேண்டும். எல்லாம் படித்ததுதான். தூக்கக் கலக்கத்தில் வாய் ஊருக்குப் போய்விடுகிறது. நல்லவேளை, அங்கேயும் அந்த 650 மாறவில்லை.

அட்டெண்டிங் அறைக்குள் வந்தால் நான் எழுந்து நிற்பேன். முதல் இரண்டு முறை, தனக்குப் பின்னால் யாரோ பெரியவர் வருகிறார் போல என்று அவர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை "உட்கார், உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். ஆனால் முதுகு சாய மாட்டேன் என்றது.

காலை ஆறு மணிக்குப் போய் நம் நோயாளிகளைப் பார்த்து, இரவு நடந்ததையும் ரத்தப் பரிசோதனைகளையும் குறித்துக்கொண்டு, எட்டு மணி ரவுண்ட்ஸில் சொல்ல வேண்டும். ஓர் இன்டர்னுக்குப் பத்து நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பது விதி. எனக்கு நான்கில் தொடங்கினார்கள். நான்கே பத்து மாதிரி இருந்தது. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி வந்த ஒரு லாரி ஓட்டுநரைப் பற்றி, ஃபைனல் இயர் பரீட்சையில் கேஸ் சொல்வது போலப் பெயர், ஊர், தொழில் என்று ஆரம்பித்தேன். சீனியர் கண்ணால் வேகப்படுத்தினார். தேங்கிய தண்ணீரைச் சிறுநீராக இறக்கும் லேசிக்ஸ் ஊசி ஏற ஏற ஓட்டுநருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறும் அளவு) 1.4-லிருந்து 1.7 ஆகியிருந்தது. அட்டெண்டிங் என்னைப் பார்த்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார்.

ஐந்தரை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. புத்தகம் என்ன சொல்கிறது என்றுதான் கேட்பார்கள். தெரியாவிட்டால் வார்டுக்கு வெளியே நிற்க வேண்டும். "தெரியவில்லை சார்" என்றேன். "சரி, ஒரு ஊகம் சொல்." சிறுநீரகம் கெடுகிறது, லேசிக்ஸை நிறுத்தலாம் என்றேன். திட்டுவார் என்று தயாராக நின்றேன். அவர் எல்லோரையும் கட்டிலருகே கூட்டிப் போனார். தலைமாட்டை உயர்த்தியும் கழுத்து ரத்தக்குழாய் காதுக்குக் கீழே வரை புடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது, ரத்தம் பின்னால் தேங்கிச் சிறுநீரகத்தை நெருக்குகிறது, மருந்தைக் கூட்டு என்றார். கூட்டினோம். இரண்டு நாளில் நான்கு கிலோ இறங்கியது, கிரியாட்டினினும் இறங்கியது. ஊகத்தைத் தப்பாகச் சொன்னதால்தான் இன்றும் அந்தக் கழுத்து கண்ணிலேயே நிற்கிறது.

முதல் வாரத்திலேயே என்னைத் திணறடித்தது வேறொரு கேள்வி. அட்மிட் ஆகும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்: இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலட்டுமா, மூச்சுக் குழாய் போடட்டுமா? இதற்குக் 'கோட் ஸ்டேட்டஸ்' என்று பெயர். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர், பல வருட சிகரெட்டில் நுரையீரல் போனவர், ஆக்சிஜனோடு உட்கார்ந்து குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டில் ஓரமாக நின்று படிவத்தைப் படிப்பது போலக் கேட்டுவிட்டேன். பாட்டி பென்சிலைக் கீழே வைத்தார். "இன்று ராத்திரி நான் சாகப் போகிறேனா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் இந்தப் பேச்சை நோயாளியிடம் பேசியதே இல்லை. மூத்த மகனைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிடுவோம். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டர்" என்பார் அவர். நாமும் சொல்ல மாட்டோம். அங்கே நிலைமை தலைகீழ். நோயாளி தெளிவாக இருந்தால் முடிவு அவருடையது. அவர் வேண்டாம் என்றால் பெற்ற மகளிடம்கூட நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. 1996-ல் வந்த ஹிப்பா சட்டம் அப்படி.

சீனியர் உள்ளே வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோரிடமும் கேட்பதுதான், உங்களிடமும் கேட்கிறோம் என்றார். பிறகு சும்மா இருந்தார். பாட்டியாகவே பேச ஆரம்பித்தார். கணவர் மூன்று வாரம் வென்டிலேட்டரில் கிடந்தாராம். அவர் கையைத் துணியால் கட்டி வைத்திருந்தார்களாம். "எனக்கு அது வேண்டாம்" என்றார். அழவில்லை. கேட்டதற்கு எனக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு, "ஆறெழுத்தில் ஒரு மீன்?" என்று குறுக்கெழுத்துக்குத் திரும்பினார். அன்றிலிருந்து நாற்காலி இல்லாமல் நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மூன்றாவது வாரம் இரவு ட்யூட்டி. நாற்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள், ஒருவரையும் முன்பின் தெரியாது, கையில் பகல் குழு எழுதிக் கொடுத்த ஒரு தாள். பேஜர் அடித்துக்கொண்டே இருக்கும்: பொட்டாசியம் 3.2, தூக்க மாத்திரை வேண்டும், வயிறு போகவில்லை. நடுவில் ஒன்று, சிறுநீர்த் தொற்றோடு வந்த ஒருவருக்கு ரத்த அழுத்தம் 92-க்கு இறங்கிவிட்டது. போய்ப் பார்த்தேன், சலைன் போடச் சொன்னேன். அரை மணியில் 86. சீனியரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்குப் பிஜியை (மேற்படிப்பு படிக்கும் மூத்த மருத்துவரை) எழுப்பி வாங்கிக்கட்டிக்கொண்டது ஞாபகத்தில் இருந்தது. இன்னொரு பாட்டில் ஓடட்டும், பார்ப்போம் என்று விட்டேன். நர்ஸ் காத்திருக்கவில்லை. அவரே 'ரேபிட் ரெஸ்பான்ஸ்' என்கிற அவசரக் குழுவை அழைத்துவிட்டார். டாக்டரிடம் அனுமதி கேட்காமலே நர்ஸ் அதை அழைக்கலாம். ஐந்து நிமிடத்தில் அறை நிறைய ஆட்கள். நோயாளி ஐசியூ போனார், பிழைத்தார், நான்காம் நாள் வார்டுக்குத் திரும்பினார்.

சீனியர் கத்தவில்லை. "என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று மட்டும் கேட்டார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்றேன். "அதற்குத்தானே எனக்குச் சம்பளம்?" என்றார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நர்ஸுக்கு மறுநாள் என் செலவில் காபி.

வேலை நேரம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நான்கு வாரச் சராசரியில் வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரே மூச்சில் 24 மணி நேரம், அதற்கு மேல் நான்கு மணி நேரம் பொறுப்பை ஒப்படைக்க, வாரம் ஒரு நாள் ஓய்வு. 1984-ல் நியூயார்க்கில் லிபி ஸையன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்துபோனார். தூக்கமில்லாத பயிற்சி மருத்துவர்கள்தான் பார்த்தார்கள் என்று அவருடைய அப்பா விடாமல் போராடினார். நியூயார்க்கில் முதலில் கட்டுப்பாடு வந்தது, 2003-ல் நாடு முழுக்க. ஹவுஸ் சர்ஜன் காலத்தில் 36 மணி நேரம் நின்ற எனக்கு இது சொர்க்கம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து நோட்ஸ் எழுதுவதையும் நேர்மையாகச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சொர்க்கம் கொஞ்சம் சுருங்கும். ஜூலை 4 வாணவேடிக்கையை ஏழாம் மாடி ஜன்னலில் நோயாளிகளோடு நின்று பார்த்தேன். ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத ஊரில் பத்து மணிக்கு வெடிக்கிறார்கள்.

ஜூலை கடைசி ஞாயிறு அம்மா கூப்பிட்டாள். திருநெல்வேலியில் மாமாவை அட்மிட் செய்திருக்கிறார்கள், ஸ்கேனில் ஈரலில் என்னமோ தெரிகிறதாம். "டாக்டர் எங்ககிட்டச் சொல்லிட்டாரு. மாமாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம்."

"மாமாகிட்ட யாராவது கேட்டீங்களாம்மா, அவருக்குத் தெரிஞ்சுக்கணுமான்னு?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"ஏட்டி, நீ அங்க போயி ஒரு மாசந்தான ஆவுது?" என்றாள்.