ஃபோல்டர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? எக்ஸ்ப்ளோரர் கேள்வி பதில்

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கானது. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) கை வைக்கும் முன், மாற்றப்போகும் கிளையை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இதை இன்னும் சில தடவை சொல்லப்போகிறேன்.

கவிதா: எல்லா ஃபோல்டரும் டீடெய்ல்ஸ் வியூவில் திறக்க வேண்டும். "அப்ளை டு ஃபோல்டர்ஸ்" அழுத்திவிட்டேன். ஆனாலும் பாதி ஃபோல்டர்கள் பெரிய ஐகானோடுதான் திறக்கின்றன. ஏன் சார்?

பதில்: அந்தப் பட்டன் எல்லா ஃபோல்டருக்கும் வேலை செய்யாது, ஒரே *வகை* ஃபோல்டர்களுக்குத்தான் செய்யும். எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வகை ஒட்டி வைத்திருக்கிறது: ஜெனரல் ஐட்டம்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ். நீங்கள் ஒட்டாவிட்டால், உள்ளே எந்த ஃபைல் அதிகம் என்று பார்த்து அதுவே ஒட்டிவிடும். பத்து போட்டோ போட்ட ஃபோல்டர் பிக்சர்ஸ் ஆகிவிடும். நீங்கள் ஜெனரல் ஃபோல்டரில் நின்று அழுத்தியது அதற்கு எட்டாது.

கையால் மாற்றும் வழி: ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், கஸ்டமைஸ் டேப். "ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்" என்பதில் ஜெனரல் ஐட்டம்ஸ். கீழே உள்ள "சப்ஃபோல்டர்களுக்கும்" பெட்டியில் டிக். பிறகு உள்ளே போய் வியூ, வரிசை, நெடுவரிசை அகலம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு ஆப்ஷன்ஸ் திறந்து, வியூ டேப்பில் அப்ளை டு ஃபோல்டர்ஸ். விண்டோஸ் 11-இல் ஆப்ஷன்ஸ் மேலே மூன்று புள்ளிக்குள் இருக்கும். வகை முதலில், வியூ பிறகு. தலைகீழாகச் செய்தால், வகை மாறும்போது வைத்த வியூ போய்விடும்.

இந்த வகை கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம் என்றால் ரெஜிஸ்ட்ரி. எல்லா எக்ஸ்ப்ளோரர் விண்டோவையும் மூடுங்கள். ரன் பெட்டியில் (விண்டோஸ் கீயும் ஆர்-உம்) ரெஜ்எடிட் தட்டித் திறங்கள். ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாசஸ், லோக்கல் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று இறங்குங்கள். அந்த ஷெல் கிளையை எக்ஸ்போர்ட் செய்யுங்கள் (இரண்டாம் தடவை). ஃபோல்டர்களின் வியூவை நினைவில் வைக்கும் பேக்ஸ், பேக்எம்ஆர்யூ என்ற இரண்டு கிளைகள் அதில் இருக்கும், இரண்டையும் நீக்குங்கள். பேக்ஸ் என்று புதிதாக உருவாக்கி, அதற்குள் ஆல்ஃபோல்டர்ஸ், அதற்குள் ஷெல். அங்கே ஃபோல்டர்டைப் என்ற ஸ்ட்ரிங் வேல்யூ, மதிப்பு நாட்ஸ்பெசிஃபைடு. இரண்டு சொல்லையும் இடைவெளி விடாமல் சேர்த்துத் தட்ட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதுவரை ஃபோல்டர்களுக்கு நீங்கள் வைத்த வியூ எல்லாம் அழிந்திருக்கும், அதை எதிர்பார்த்தே இறங்குங்கள்.

இன்னொன்று: கிளாசஸ் பக்கம் போகாமல் நேராக சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஷெல் என்று போனால் அங்கேயும் ஒரு பேக்ஸ் இருக்கும். டெஸ்க்டாப் ஐகான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற கணக்கு அதில். அதைத் தொடாதீர்கள்.

முருகன்: விண்டோஸ் கீயும் ஈ-யும் அழுத்தினால் ஹோம் வருகிறது. நான் சொல்லும் ஃபோல்டர் வர வைக்க முடியுமா?

பதில்: ஆப்ஷன்ஸ், ஜெனரல் டேப், முதல் பட்டியலில் திஸ் பிசி தேர்ந்தெடுக்கலாம். டவுன்லோட்ஸ் வேண்டுமென்றால் ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், அட்வான்ஸ்டு என்ற இடத்தில் லாஞ்ச்டூ மதிப்பை 3 ஆக்குங்கள் (1 திஸ் பிசி, 2 ஹோம்). எக்ஸ்போர்ட் செய்துவிட்டு. வேறு ஃபோல்டர் என்றால் டெஸ்க்டாப்பில் அதற்கு ஒரு ஷார்ட்கட் வைத்து, பிராபர்ட்டீஸில் ஷார்ட்கட் கீ பெட்டியில் ஒரு எழுத்தைத் தட்டுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் அந்தக் கீ வேலை செய்யும்.

ரஹீம்: டவுன்லோட்ஸில் "டுடே", "லாஸ்ட் வீக்" என்று பிரித்துப் பிரித்துக் காட்டுகிறதே, எரிச்சலாக இருக்கிறது.

பதில்: காலி இடத்தில் ரைட் கிளிக், குரூப் பை, நன். டவுன்லோட்ஸ் தனக்கென்று ஒரு வகை வைத்திருக்கிறது, அதனால் வேறு ஃபோல்டரில் செய்த அப்ளை இதற்கு வராது. பிரௌசரில் சேவ் செய்யும்போது வரும் பெட்டி தன் வியூவைத் தனியாக நினைவில் வைக்கும்; அங்கேயும் ஒரு தடவை நன் கொடுங்கள்.

ஜெனி: 2,000 வீடியோ உள்ள ஃபோல்டர் திறக்க ஒரு யுகம் ஆகிறது. மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. டிஸ்க் போய்விட்டதா?

பதில்: டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் வகையைப் பாருங்கள். வீடியோஸ் வகை என்றால் ஒவ்வொரு ஃபைலின் நீளத்தையும் காட்ட நினைக்கும். பெயரும் அளவும் ஃபைல் பட்டியலிலேயே இருக்கும், சட்டென்று வரும். நீளம் ஃபைலுக்குள் இருக்கிறது. 2,000 ஃபைலையும் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஜெனரல் ஐட்டம்ஸ் ஆக்குங்கள். வெறும் "டேட்" என்ற நெடுவரிசை இருந்தால் எடுத்துவிட்டு "டேட் மாடிஃபைடு" வையுங்கள். வெறும் டேட், போட்டோ எடுத்த நாளைத் தேடி ஃபைலுக்குள் நுழையும்.

சுந்தர்: டேட் மாடிஃபைடு பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். ஃபோல்டர்களை அதை வைத்து வரிசைப்படுத்தினால் தப்பாக வருகிறது. நேற்று திருத்திய ஃபைல் உள்ள ஃபோல்டர் போன மாதத் தேதியோடு கீழே கிடக்கிறது. இது பிழைதானே?

பதில்: பிழை இல்லை. ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப்பட்டியல். பட்டியலில் பெயர் சேர்ந்தால், போனால், மாறினால் அதன் தேதி மாறும். உள்ளே இருக்கும் ஃபைலின் எழுத்து மாறினால் பட்டியல் மாறவில்லை, தேதியும் மாறாது. இரண்டு தளம் கீழே ஒரு ஃபைல் சேர்ந்தாலும் மேல் ஃபோல்டருக்குத் தெரியாது.

பிரியா: சும்மா சொல்லாதீர்கள். நான் திருத்தும்போதெல்லாம் ஃபோல்டர் தேதி மாறுகிறது. இப்போதுதான் செய்து பார்த்தேன்.

சுந்தர்: எனக்கு மாறவே இல்லை!

பதில்: இருவரும் எதில் திருத்தினீர்கள்?

பிரியா: வேர்டில்.

சுந்தர்: நோட்பேடில்.

பதில்: விடை அங்கேதான். நோட்பேட் அதே ஃபைலின் மேல் எழுதிவிட்டுப் போகும். வேர்ட் சேவ் செய்யும்போது பக்கத்தில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பெயர் மாற்றி, பழையதன் இடத்தில் உட்கார வைக்கும். பெயர்ப்பட்டியல் மாறுகிறது, தேதியும் மாறுகிறது.

தமிழ்மணி: அப்படியானால் டேட் கிரியேட்டடு வைத்துவிட்டால் போயிற்று. அதுதான் ஃபைல் பிறந்த உண்மையான நாள்.

பதில்: அதை நம்பவே நம்பாதீர்கள் தம்பி. பழைய ஃபைலை இன்று காப்பி எடுத்தால், பிரதியின் கிரியேட்டடு இன்று, மாடிஃபைடு பழைய நாள். பிறக்கும் முன்பே திருத்தப்பட்ட ஃபைல்! கிரியேட்டடு என்பது அந்தப் பிரதி உருவான நாள்.

விஜி: சார், நான் வைக்கும் வியூ ஃபோல்டரை மூடினால் போய்விடுகிறது.

பதில்: வகை. முதல் பதிலைப் படியுங்கள்.

அன்பு: எல்லா ஃபோல்டருக்கும் ஒரே வியூ வைப்பது எப்படி?

பதில்: முதல் பதில்.

மேரி: ஃபோல்டரின் அளவை நெடுவரிசையில் காட்ட முடியுமா?

பதில்: எக்ஸ்ப்ளோரரில் முடியாது. அளவு சொல்ல உள்ளே உள்ள எல்லா ஃபைலையும் எண்ண வேண்டும். ஒன்றிரண்டு ஃபோல்டர் என்றால் அதைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் எண்டர் அழுத்துங்கள், பிராபர்ட்டீஸில் அளவு தெரியும்.

நாகராஜ்: மேக்கில் ஃபைண்டர் எப்போதும் லிஸ்ட் வியூவில் திறக்க?

பதில்: கமாண்ட் ஜே அழுத்தி, "ஆல்வேஸ் ஓப்பன்" டிக் செய்து, கீழே "யூஸ் ஆஸ் டீஃபால்ட்ஸ்". மற்ற மேக் கேள்விகளை மேக் ஆட்களிடம் கேளுங்கள்.

ஷீலா: ஃபோல்டருக்கு ஐகான் மாற்றி பென் டிரைவில் கொடுத்தேன். அடுத்த கணினியில் பழைய மஞ்சள்தான் வருகிறது.

பதில்: ஐகான் எங்கே இருக்கிறது என்ற விவரம் ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ என்ற மறைந்த ஃபைலில் இருக்கும். அதில் உங்கள் சி டிரைவின் முழுப் பாதை எழுதியிருக்கும்; அடுத்த கணினியில் அந்தப் பாதை ஏது? ஐகான் ஃபைலை அந்த ஃபோல்டருக்குள்ளேயே போட்டு, ஐகான்ரிசோர்ஸ் வரியில் சமக்குறிக்குப் பின் ஃபைல் பெயரும் கமாவும் 0-வும் மட்டும் இருக்கட்டும். ஃபோல்டருக்கு ரீட் ஒன்லி அல்லது சிஸ்டம் பண்பு இருந்தால்தான் விண்டோஸ் இந்த ஃபைலைப் படிக்கும்: கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப், பிளஸ் ஆர், ஃபோல்டர் பாதை. ஃபோல்டருக்கு ரீட் ஒன்லி வைத்தால் எழுத முடியாமல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அந்த அர்த்தம் ஃபைலுக்குத்தான்.

பாபு: ஒரு புரோகிராம் போட்டதிலிருந்து ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தால் அந்தப் புரோகிராம்தான் திறக்கிறது.

பதில்: ரன் பெட்டியில் ரெஜ்எடிட் தட்டி, ஹெச்கீ கிளாசஸ் ரூட், டைரக்டரி, ஷெல். எக்ஸ்போர்ட்! வலப்பக்கம் டீஃபால்ட் மதிப்பில் அந்தப் புரோகிராமின் பெயர் இருந்தால் நன் என்று மாற்றுங்கள். அதே புரோகிராம் ஃபோல்டர் என்ற கிளையின் ஷெல்லிலும் புகுந்திருக்கலாம், அங்கேயும் பாருங்கள். நெட்டில் கிடைக்கும் ரெஜ் ஃபைலை டபுள் கிளிக் செய்து சரிசெய்ய நினைக்காதீர்கள். நோட்பேடில் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஒன்றையும் ஓட்டக்கூடாது.

பிரியா: மறுபடியும் நான்தான். வேர்ட் ஃபைலைத் திறந்தேன், எதையும் மாற்றவில்லை, சேவ் செய்யவில்லை, மூடினேன். ஃபோல்டர் தேதி மாறிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நல்ல சோதனை. வேர்ட் திறந்த உடனே அலைக்குறியும் டாலர் குறியும் முன்னால் வைத்த ஒரு மறைந்த ஃபைலைப் பக்கத்தில் உருவாக்கும்; வேறொருவர் அதே ஃபைலைத் திறந்தால் "பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லத்தான் அது. மூடும்போது அழிக்கும். ஒரு பெயர் வந்தது, ஒரு பெயர் போனது.

உங்களுக்கும் சுந்தருக்கும் வேண்டியது ஃபோல்டர் தேதியே அல்ல, அண்மையில் திருத்திய ஃபைல்கள். மேல் ஃபோல்டரில் நின்று தேடல் பெட்டியில் டேட்மாடிஃபைடு, முக்காற்புள்ளி, டுடே என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். எத்தனை தளம் கீழே இருந்தாலும் இன்று மாறிய ஃபைல்கள் வரிசையாக வந்து நிற்கும்.