மருந்தை நிறுத்தியதும் திரும்பிய மைக்ரோகிளியா எங்கிருந்து வந்தது?

மைக்ரோகிளியாவை (மூளையின் நோய் எதிர்ப்புச் செல்கள்) அழிக்கும் பிஎல்எக்ஸ்5622 மருந்து கலந்த தீவனத்தை நிறுத்திய ஒரே வாரத்தில் சுண்டெலி மூளையில் ஐபிஏ1 என்ற அடையாளப் புரதம் கொண்ட செல்கள் நிரம்பிவிட்டன, அவை ரத்த மோனோசைட்டா (ரத்தத்தில் சுற்றும் ஒரு வகை வெள்ளணு) என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. மருந்துக்குத் தப்பிய கொஞ்ச மைக்ரோகிளியாவே பிரிந்து பெருகி இடத்தை நிரப்பும். கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து வந்த வம்சம் அது. சாதாரண நாளிலும் ரத்தச் செல்களை நம்பி வாழ்வதில்லை.

ஆனால் ஐபிஏ1 சாயம் இதை நிரூபிக்காது, மைக்ரோகிளியா, மூளைக்குள் வந்த மோனோசைட் இரண்டிலும் ஏறும். சிஎக்ஸ்3சிஆர்1-கிரிஈஆர் ரிப்போர்ட்டர் சுண்டெலிக்கு (டமாக்சிபென் என்ற மருந்து கொடுத்தால் இந்தச் செல்கள் நிறம் பெறும்படி மரபணு மாற்றிய சுண்டெலி) முதலில் டமாக்சிபென் கொடுத்து, குறைந்தது 4 வாரம் பொறுங்கள். அதற்குள் ரத்த மோனோசைட்டுகள் போய் நிறமில்லாத புதியவை வந்துவிடும், மைக்ரோகிளியா நிறத்தை இழக்காது. பிறகுதான் பிஎல்எக்ஸ்5622. திரும்பிய செல்களில் நிறம் இருந்தால் அவை தப்பிய மைக்ரோகிளியாவின் வம்சம்.

எலும்பு மஜ்ஜை மாற்றிய சுண்டெலி என்றால் கதை வேறு: தலையை மறைக்காமல் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் ரத்தச் செல்கள் உள்ளே நுழையும்.