மனநெருக்கடியில் இருப்பவரை போலீஸ் இல்லாமல் அமைதிப்படுத்த முடியுமா?
தாராளமாக முடியும். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜின் நகரில் 1989-இல் ஆரம்பித்த ‘கஹூட்ஸ்’ குழு இதைத்தான் செய்தது. ஒரு வேன், அதில் மருத்துவம் தெரிந்தவர் ஒருவர், பேசிச் சமாளிக்கப் பழகியவர் ஒருவர், அவ்வளவுதான். துப்பாக்கி கிடையாது, போலீஸ் உடுப்பும் கிடையாது, சாதாரண ஜீன்ஸ்தான்.

சூட்சுமம் என்னவென்றால், கிட்டே போய் நெருக்காமல் நாலடி தள்ளி, அவர் வெளியேறும் வழியை மறைக்காமல் நின்று, தாழ்ந்த குரலில் “தண்ணி வேணுமா, குளிருதா?” என்று சின்ன விஷயத்தில் தொடங்குவது. அவருக்கு மட்டும் காதில் கேட்கிற குரல் பொய் என்று வாதாடப் போனீர்களோ, காரியம் கெட்டது! அப்புறம், நடுவில் வரும் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளணும், அதுதான் கஷ்டம்.

ஆபத்து முற்றினால் அவர்களும் போலீஸைக் கூப்பிட்டதுண்டு, ஆனால் அபூர்வமாக. பணத் தட்டுப்பாட்டில் 2025 ஏப்ரலில் யூஜினில் அந்தச் சேவை நின்றுபோனது.