என் நிலத்து மண்ணை நான் அள்ளக் கூடாதா?

வருவாய்த் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றி, வட்டாட்சியராக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் நிலச் சிக்கல்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மண்ணைப் பற்றியவை.

ஐயா, வந்தவாசிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை இருக்கிறது. கிழக்கே அரை ஏக்கர் மேடு, தண்ணீர் ஏறாது. அந்த மண்ணை எடுத்துக்கொண்டு, காசு வாங்காமல் நிலத்தைச் சமன் செய்து தருவதாக ஒரு காண்ட்ராக்டர் சொல்கிறார். பட்டா என் பெயரில்தான் இருக்கிறது. இதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

முதலில் அந்த மண் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. ஓரடி ஆழம் வெட்டினால் 21,780 கன அடி மண் வரும். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் ஏறக்குறைய 218 யூனிட். ஆறு சக்கர டிப்பரில் மூன்று யூனிட் ஏற்றினாலும் 70 நடைக்கு மேல் போகும். அவர் உங்களுக்கு இலவசமாக எதையும் செய்யவில்லை. விலை கொடுக்காமல் உங்களிடம் மண் வாங்குகிறார்.

சரி, அனுமதிக்கு வருகிறேன். மேட்டை வெட்டி உங்கள் நிலத்துப் பள்ளத்திலேயே கொட்டி, அங்கே பயிர் வைப்பது வேறு. அந்த மண் எல்லைக்கல்லைத் தாண்டி இன்னொருவருடைய மனைக்கோ ரோட்டு வேலைக்கோ போவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டம் சிறுகனிமங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கென்று 1959-ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகள் இருக்கின்றன. கிராவல், செங்கல் மண் எல்லாம் சிறுகனிமங்கள். சாதாரண மண்ணும் 2000 பிப்ரவரி 3 அன்று அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் எல்லாச் சாதாரண மண்ணும் அல்ல. கரை, சாலை, ரயில்பாதை, கட்டடம் ஆகியவற்றின் கட்டுமானத்தில் நிரப்பவோ சமன் செய்யவோ பயன்படும் மண் என்று அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. புனே கட்டுமானத் தொழில் சங்கத்தின் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் எடுத்துச் சொன்னது: தோண்டிய மாத்திரத்தில் மண் கனிமமாகிவிடாது, அது என்ன பயனுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆகவே உங்கள் வயலுக்குள்ளேயே மேட்டை நிரவிப் பயிர் செய்தால் அது உழவு வேலைதான். காண்ட்ராக்டர் அதே மண்ணை மனை மேடாக்க ஏற்றிப் போனால் அது கனிமம் எடுப்பது. பட்டா நிலமாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், சீனியரேஜ் என்று சொல்கிற உரிமத் தொகை கட்ட வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு, அதாவது மண்ணை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு, இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியும் தனியாக உண்டு. 2012-இல் தீபக் குமார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைக்கும் அது தேவைப்படுகிறது.

“நிலத்தடி மண்ணும் பட்டாதாரருக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது” என்று சிலர் உங்களிடம் சொல்லலாம். கேரளத்தின் மலபார் நிலங்கள் பற்றிய 2013-ஆம் ஆண்டு தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். அது மண் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியது. சொந்தமாகவே இருந்தாலும், தோண்டி வெளியே அனுப்ப அனுமதி வேண்டும் என்ற விதி அதனால் போய்விடவில்லை.

நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது உங்களைப் போலவே ஒரு விவசாயி, வாய்ப் பேச்சை நம்பி, “பர்மிட்டெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னவர்களிடம் நிலத்தை விட்டுவிட்டார். மூன்று இரவுகள் வண்டி ஓடியது. நான்காம் நாள் காலை டேப்பைப் பிடித்து அந்தக் குழியை அளந்தவன் நான். நீளம், அகலம், ஆழம் பெருக்கி வந்த அளவுக்கான அபராதத்தை அவர் பெயரில்தான் எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் குழி இருந்தது அவருடைய சர்வே எண்ணில். மண்ணை எடுத்துப் போனவர்கள் அதற்குள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். “நான் கையெழுத்துகூடப் போடவில்லையே ஐயா” என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மேல்மண் முழுவதும் போய்விட்டதால் அடுத்த சில வருஷங்கள் அந்த இடத்தில் கம்புகூடச் சரியாக முளைக்கவில்லை.

இன்றைக்குச் சட்டம் இன்னும் கடுமை. முன்பு சொன்ன 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2015-இல் திருத்திய பிறகு, அனுமதியில்லாமல் கனிமம் எடுத்தால் ஐந்து ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வண்டியும் இயந்திரமும் பறிமுதலாகலாம். இது தவிர மண் திருட்டு என்று போலீஸ் வழக்கும் தனியாகப் போடலாம்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சொந்தச் செலவில் மணிக்கணக்கில் வாடகைக்கு பொக்லைன் வையுங்கள். முதலில் மேல்மண்ணை அரையடி வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, அடிமண்ணை மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தள்ளி, கடைசியாக மேல்மண்ணைப் பரப்புங்கள். இயந்திரம் இறங்கும் முன் புலப்படத்தை எடுத்துப் பார்த்து, ஓடைப் புறம்போக்கோ வாய்க்காலோ எல்லையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதை மூடிவிட்டால் இந்தப் பதிலில் சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது. பிறகு கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும், “சர்வே எண் இன்னது, சாகுபடிக்காகச் சமன் செய்கிறேன், மண் வெளியே போகாது” என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் அந்த நகல் கைகொடுக்கும்.

எனக்கு சிவகங்கை மாவட்டத்தில் மூன்று ஏக்கர் புஞ்சை. கணவர் காலமான பிறகு நானே பயிர் வைக்கிறேன். எங்கள் கண்மாயில் வண்டல் கிடக்கிறது. இலவசமாக எடுக்கலாம் என்கிறார்கள், ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

எடுக்கலாம் அம்மா, தயங்காமல் கேளுங்கள். முன்பெல்லாம் இதற்கு ஆட்சியர் அலுவலகம் வரை கோப்பு போக வேண்டும். அது வருவதற்குள் மழை வந்துவிடும், கண்மாய் நிறைந்துவிடும். 2024-இல் விதியைத் தளர்த்தி, தாசில்தாரே அனுமதி கொடுக்கும்படி செய்துவிட்டார்கள். இ-சேவை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நிலமோ வீடோ உள்ள அதே வட்டத்துக் கண்மாயாக இருக்க வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். உங்கள் மூன்று ஏக்கருக்கு 270 கன மீட்டர் வரும். டிராக்டர் டிப்பரில் ஒரு யூனிட் ஏற்றினால் 95 நடை. கேட்க அதிகமாகத் தெரியும், ஆனால் வயல் முழுக்கப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் நிற்கும். அதனால் மூன்று ஏக்கருக்கும் தூவாமல், மணல் அதிகமாக உள்ள துண்டை முதலில் கவனியுங்கள். மண்ணுக்குக் காசு கிடையாது. வண்டி வாடகையும் ஏற்றுக் கூலியும் உங்களுடையது. வீட்டுத் தேவைக்கு 30 கன மீட்டர், மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60 கன மீட்டர் என்று தனி அளவும் உண்டு.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குறித்துக் கொடுத்த இடத்தில், குறித்த ஆழம் மட்டும் எடுக்க வேண்டும். கரையோரத்தில் கை வைத்தால் கண்மாய்க்கே ஆபத்து. அடுத்து, உங்கள் பெயரில் வாங்கிய அனுமதியை வைத்து வேறு யாரும் வண்டி ஓட்ட விடாதீர்கள். தனியாகப் பயிர் செய்யும் பெண்களிடம் “நானே எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் அக்கா” என்று தாளை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாள் உங்களிடமே இருக்கட்டும். ஒவ்வொரு நடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம். வீடு கட்டி 12 வருஷமாகிறது. பக்கத்து மனையில் கார் நிறுத்தும் தளத்துக்காக எங்கள் காம்பவுண்டை ஒட்டிப் பத்தடி ஆழம் தோண்டுகிறார்கள். “எங்கள் இடம், எங்கள் மண்” என்கிறார்கள். சுவரில் விரிசல் தெரிகிறது.

அவர்கள் இடம்தான். ஆனால் உங்கள் மண்ணைத் தாங்கிப் பிடித்திருப்பது அவர்கள் மண். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: இயற்கை நிலையில் இருக்கும் நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் மண் தரும் தாங்கலைப் பெறும் உரிமை உண்டு. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று, ‘இயற்கை நிலை’ என்ற சொல். வீட்டின் பாரத்துக்கும் சேர்த்து அந்த உரிமை உறுதியாக வேண்டுமென்றால், 15-ஆம் பிரிவின்படி 20 ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். உங்களுக்கு 12 ஆண்டுதான் ஆகிறது. அதனால் “வசதியுரிமை” என்ற ஒரே வாதத்தை நம்பாதீர்கள். மண் சரியாதபடி முட்டுக்கொடுக்காமல் தோண்டுகிற அலட்சியத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

இன்றைக்கே விரிசல்களைத் தேதியோடு படம் எடுங்கள். ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து வந்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதை இணைத்து, திட்ட அனுமதி கொடுத்த உள்ளாட்சி அமைப்புக்குப் புகார் கொடுங்கள். வரைபடத்தில் அவ்வளவு ஆழம் காட்டியிருக்கிறார்களா, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளித் தோண்ட வேண்டும் என்று அங்கேயே தெரியும். வேலை நிற்கவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேளுங்கள். லாரியில் போகும் மண்ணுக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்றும் கேட்கலாம். அஸ்திவார மண்ணாக இருந்தாலும் வேறு மனையை நிரப்பப் போனால் கேட்கத்தான் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டோடு ஏன் சண்டை என்று மட்டும் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி லவ்டேல் அருகே தடுப்புச்சுவருக்காக மண் தோண்டிக்கொண்டிருந்தபோது, மேலே இருந்த கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். காலையில் கூலி வேலைக்கு வந்தவர்கள். உங்கள் பக்கத்துக் குழிக்குள்ளும் இப்போது யாரோ நான்கு பேர் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்காகவும் நீங்கள் பேச வேண்டும்.

தோட்டத்தில் குழி எடுத்தபோது பெரிய பானை போல ஒன்று தென்பட்டது. உள்ளே சிறு கலயங்கள் இருக்கின்றன. முதுமக்கள் தாழி என்கிறார்கள். என் நிலத்தில் கிடைத்தது எனக்குத்தானே?

வேலையை அப்படியே நிறுத்துங்கள். மண்ணில் புதைந்து கிடக்கும் மதிப்புள்ள பொருள் எதுவாக இருந்தாலும், பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தாசில்தார் வழியாகத் தொல்லியல் துறைக்குத் தகவல் போய்விடும். அதுவரை கலயங்களை வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். எந்தக் கலயம் எந்த ஆழத்தில் எப்படிச் சாய்ந்து கிடந்தது என்பதிலிருந்துதான் அவர்கள் காலத்தைக் கணிப்பார்கள். குழியின் மேல் தென்னங்கீற்றைப் போட்டு மூடி, பிள்ளைகள் விழாதபடி சுற்றிலும் கயிறு கட்டி வையுங்கள்.