சிற்றூரில் பல் கிளினிக் நடத்துவது எப்படி? காரைக்குடியிலிருந்து சில பதில்கள்

காரைக்குடியில் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். பொருள் விலை ஏறுகிறது, நோயாளிகளின் வீடுகளுக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் முன்போல் நிலையாக வருவதில்லை, இந்த நேரத்தில் கிளினிக்கை எப்படி நடத்துவது என்று சுற்றுவட்டாரத்து இளம் மருத்துவர்கள் பலர் கேட்டிருந்தார்கள். இடையில் நோயாளி ஒருவரின் கேள்வியும் உண்டு. அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

மேடம், பிடிஎஸ் முடித்து இன்னொருவர் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். சொந்தமாகத் தொடங்க ஆசை. காலம் சரியில்லை என்று வீட்டில் தடுக்கிறார்கள். (தேவகோட்டை)

காலத்தை விடுங்கள், ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி ஒருவர்கூட வராவிட்டாலும் மாதாமாதம் கொடுத்தே ஆகவேண்டிய தொகை எவ்வளவு? உதாரணத்துக்கு வாடகை 15,000, உதவியாளர் இருவருக்கு 22,000, கடன் தவணை 25,000, கரண்ட், பராமரிப்பு, மருத்துவக் கழிவு எடுப்பவர்களுக்கு எல்லாம் சேர்த்து 13,000. மொத்தம் 75,000. வாங்கும் 100 ரூபாயில் 30 ரூபாய் பல் செய்து தரும் லேபுக்கும் பொருளுக்கும் போகிறது என்று வைத்தால், 75,000 மிஞ்சுவதற்கு மாதம் சுமார் 1,07,000 வசூலாக வேண்டும். 25 நாள் வேலை என்றால் நாளுக்கு ஏறக்குறைய 4,300. உங்கள் வீட்டுச் செலவு இதில் இன்னும் சேரவில்லை.

இந்தத் தொகையில் நீங்கள் குறைக்கக்கூடிய பெரிய இனம் கடன் தவணைதான். அதனால் நோயாளி சாயும் பல் மருத்துவ சேர் ஒன்றே ஒன்றோடு தொடங்குங்கள். நல்ல நிலையில் இருந்தால் பழைய சேர் போதும். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் மட்டும் புதிதாக வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படும் நோயாளியை ஸ்கேன் சென்டருக்கு அனுப்பலாம், அதற்கென்று இயந்திரம் வாங்கிக் கடனில் மாட்டாதீர்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் சேர்ந்ததும் திறந்துவிடுங்கள்.

அக்கா, ஊரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் முகப்பு குறைந்த வாடகைக்கு வருகிறது. எடுக்கலாமா? (கானாடுகாத்தான்)

எடுக்கலாம் தம்பி, ஆனால் முதலில் வீடு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே பெரிய வீடுகள் பங்காளிகள் பலருக்கும் பொது. சென்னையில் இருக்கும் ஒருவர் சரி என்பார், மலேசியாவில் இருப்பவர் ஒரு வருடம் கழித்து வந்து யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்பார். எல்லாருடைய கையெழுத்தோடும் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். அப்புறம், சேருக்குத் தண்ணீர், காற்று, கழிவுக் குழாய் மூன்றும் வர வேண்டும். அதற்காக ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைக்காதீர்கள், மனசு பொறுக்காது. தரைக்கு மேல் மரப்பலகையில் மேடை கட்டி அதற்குள் குழாயை ஓட்டலாம். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு கட்டாயம். கிளினிக்கை மாநில மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழும் பதிய வேண்டும்.

வேர் சிகிச்சை தொடங்கியவர்களில் பலர் வலி நின்றதும் வருவதே இல்லை. புதுநோயாளிகளும் குறைந்துவிட்டார்கள். விளம்பரம் செய்யலாமா? (புதுக்கோட்டை)

விளம்பரத்துக்கு முன் உங்கள் பழைய நோட்டைத் திறங்கள். பாதியில் நிற்கும் சிகிச்சைகள் எத்தனை என்று எண்ணுங்கள். நீங்கள் தேடுகிற வளர்ச்சி அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வேர் சிகிச்சை செய்து, மேலே உறைபோல மூடும் கேப் போடாத கடைவாய்ப் பல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பிளந்துவிடலாம், அப்படிப் பிளந்தால் பெரும்பாலும் அந்தப் பல்லை எடுக்க வேண்டியதுதான். அந்த நோயாளி ஊரில் போய் அந்த டாக்டரிடம் வேர் சிகிச்சை செய்தேன், பல் போய்விட்டது என்றுதான் சொல்வார், கேப் போடாததைச் சொல்ல மாட்டார். ஆகவே முதல் நாளே மொத்தச் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு, எந்தப் பொருளில் என்று தனித்தனியாக இருக்கட்டும். பலர் வராமல் போவதற்குக் காரணம் பணம்தான், கேட்க வெட்கப்படுகிறார்கள். அறுவடை முடிந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் தற்காலிகமாக நல்ல அடைப்பை வைத்து, அந்தப் பல்லில் கடினமானதைக் கடிக்க வேண்டாம் என்று சொல்லி, தேதி குறித்து அனுப்புங்கள். அந்தத் தேதியில் உங்கள் உதவியாளர் போன் செய்ய வேண்டும், பணத்தைப் பற்றி அல்ல, பல் எப்படி இருக்கிறது என்று கேட்க.

சர்க்கரை நோயுள்ளவர்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் வையுங்கள். ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படாமல் செய்யும், கட்டுப்படாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும். ஈறு கெட்டவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் மந்த மாதத்தில் சேர் காலியாக இருக்காது.

கல்யாணத்துக்கு மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்கள் பத்து நாளில் இம்பிளான்ட் முடித்துத் தரச் சொல்கிறார்கள். (காரைக்குடி)

தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் இந்தக் கூட்டம் வரும், ஆடியிலும் மார்கழியிலும் வராது. இதை நம்பி ஆள் சேர்க்காதீர்கள், வந்தால் வரவு என்று வையுங்கள்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் கட்டுவது. அந்தத் திருகு எலும்போடு பிடிப்பதற்குக் கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதமும், மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். உடனே பல் கட்டும் முறை எல்லார் எலும்புக்கும் ஒத்துவராது. அதனால் இந்தப் பயணத்தில் திருகை வைத்து, அடுத்த பயணத்தில் பல்லைக் கட்டுங்கள். திருகின் டப்பாவில் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். ஒன்றை உங்கள் நோட்டில் ஒட்டி, இன்னொன்றை எக்ஸ்ரேயோடு அவர் கையில் கொடுங்கள். அங்கே ஏதாவது ஆனால் கோலாலம்பூர் மருத்துவர் அதை வைத்துத் தொடர முடியும். பத்து நாளில் முடியாது என்று நேராகச் சொன்ன மருத்துவரைத் தேடித்தான் அவர்களின் உறவினர்களும் வருவார்கள்.

பக்கத்தில் புதுக் கிளினிக் வந்து பாதி விலைக்குச் செய்கிறார்கள். நானும் குறைக்கவா? மருந்துக் கடைக்காரர் கமிஷன் கொடுத்தால் ஆள் அனுப்புகிறேன் என்கிறார். (திருப்பத்தூர்)

கமிஷன் கூடவே கூடாது, பல் மருத்துவர்களுக்கான நெறிமுறைக்கு விரோதம். விலையையும் குறைக்காதீர்கள். குறைத்தால் கையுறையிலும் லேபிலும்தான் கை வைக்க வேண்டி வரும். வேண்டுமானால் விலை குறைந்த உலோகக் கேப்பையும் பல் நிறத்தில் வரும் ஜிர்கோனியாக் கேப்பையும் பக்கத்தில் வைத்து இரண்டின் குணத்தையும் சொல்லி, நோயாளியையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

ஏம்மா டாக்டரு, செட் பல்லு கட்டி ரொம்ப வருசமாச்சு, கீழ்ச்செட்டு ஆடுது. இம்பிளான்ட் போடச் சொல்லுறாக. கடன் வாங்கிப் போடவா? (பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி)

கடன் வாங்க வேண்டாம் ஆச்சி. பல் எடுத்தபின் எலும்பு வருடாவருடம் கரையும், செட்டு அப்படியே இருக்கும், அதனால்தான் ஆடுகிறது. முதலில் உள்பக்கம் புது அச்சு எடுத்துச் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் புதுச் செட்டு. அதுவும் நிற்காவிட்டால் கீழே இரண்டே திருகு வைத்து அதில் செட்டை மாட்டலாம், எல்லாப் பல்லுக்கும் தேவையில்லை.

பொருள் விலை ஏறும் முன் மொத்தமாக வாங்கி வைக்கலாமா? (சிவகங்கை)

கையுறை, பஞ்சு, ஊசி வாங்கலாம். மரத்துப்போகும் மருந்து, பல் நிற அடைப்பை ஒட்டும் திரவம், அச்செடுக்கும் பொடி இவற்றை வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அவை கெடும், காலாவதித் தேதியும் வரும். இம்பிளான்ட் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, டாலர் ஏறினால் விலையும் ஏறும். ஆகவே நோயாளிக்குத் தரும் மதிப்பீட்டில் அது எத்தனை நாள் செல்லும் என்றும் எழுதுங்கள்.

அரிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு இலவச முகாம் போட்டால் பேர் கிடைக்குமா? (புதுவயல்)

கிடைக்கும், ஆனால் தள்ளுபடிக் கூப்பன் கொடுப்பதற்காக என்றால் போடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களின் வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்க முடியாமை இதில் எது இருந்தாலும் வாய்ப் புற்றுநோயா என்று பார்க்க அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, போன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனார்களா என்று கேளுங்கள். போகாதவர்களைத் திரும்பவும் கூப்பிடுங்கள்.