வேலைக்குச் சைக்கிளில்: வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகள் வழியாக அன்றாடம் வேலைக்குச் சைக்கிளில் போய்வரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சில, பதில்களோடு.

கேள்வி: பீஷானிலிருந்து காலாங் ஆற்றோரமாகவே வேலைக்குப் போகிறேன். ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மணிக்கு 25 கி.மீ. வரை ஓட்டலாம் என்பதால் 22 நிமிடத்தில் போய்ச்சேர வேண்டும். ஆனால் 40 நிமிடம் ஆகிறது. எதை மாற்றலாம்?
– பீஷான் வாசகர்

பதில்: கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள். 25 கி.மீ. என்பது உச்ச வரம்பு. காலையில் மெதுவோட்டம் ஓடுவோரும் பள்ளிப் பிள்ளைகளும் நாயோடு நடப்போரும் நிறைந்த பாதைக்கு அது ஏற்ற வேகம் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 கி.மீ. வேகத்தில் சைக்கிள் நொடிக்கு 7 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைப் பார்த்து விரல் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு நொடி பிடிக்கும். அதற்குள் 7 மீட்டர் போயாயிற்று. காய்ந்த தரையில் நல்ல பிரேக்கோடு நிற்க மேலும் 6 மீட்டர். ஆக 13 மீட்டர். அதே சைக்கிள் 15 கி.மீ. வேகத்தில் வந்தால் ஆறரை மீட்டருக்குள் நின்றுவிடும். ஆற்றோர வளைவுகள் பலவற்றில், புதருக்கு அப்பால் 13 மீட்டர் தூரம் கண்ணுக்கே தெரியாது.

வேகத்தால் மிச்சமாகும் நேரமும் கொஞ்சம்தான். 9 கி.மீ. தூரத்தை 15 கி.மீ. வேகத்தில் 36 நிமிடத்திலும், 20 கி.மீ. வேகத்தில் 27 நிமிடத்திலும் கடக்கலாம். ஆனால் உங்கள் வழியில் சாலைகள் குறுக்கிடுகின்றன. விரைந்து வந்தவரும் மெதுவாக வந்தவரும் அதே சிவப்பு விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நேரான, ஆளில்லாத பகுதியில் 18 கி.மீ. வரை போகலாம். விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை, பாலத்தடி, பேருந்து நிறுத்தத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் 10 கி.மீ.க்கு இறங்குங்கள். சாதாரண நடைபாதையில் சட்டப்படியே உச்ச வேகம் 10 கி.மீ.தான். 40 நிமிடம் என்பது நல்ல நேரம். அதையே உங்கள் பயண நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்திலேயே நடைபாதை இருந்தும் சிலர் சைக்கிள் பாதையில் நடக்கிறார்கள். சட்டம் எங்களை மட்டும்தான் கட்டுப்படுத்துமா?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஆம். 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதையை ஒட்டி அமைந்துள்ள பாதசாரிகளுக்கு மட்டுமான பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆனால் சைக்கிள் பாதையில் நடப்பதற்குத் தடை இல்லை. தங்கள் பாதையில் நடக்கும்படி பாதசாரிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், அவ்வளவே. நியாயமும் அதுதான். மோதினால் கீழே விழப்போகிறவர் யார் என்று யோசித்தால் சட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

கேள்வி: பின்னாலிருந்து மணி அடித்தால் சிலர் திடுக்கிட்டு, நான் போகவிருக்கும் பக்கமே குதிக்கிறார்கள். அடிக்காமல் போனால் திட்டுகிறார்கள். எப்படித்தான் முந்துவது?
– செங்காங் வாசகர்

பதில்: பெரும்பாலும் சிக்கல் மணி அடிக்கும் தூரத்தில் இருக்கிறது. மூன்று நான்கு மீட்டர் நெருங்கிவந்து அடித்தால், கேட்பவருக்கு யோசிக்க நேரமில்லை, உடம்பு தானாக ஒரு பக்கம் துள்ளும். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது.

15 முதல் 20 மீட்டர் தொலைவில், ஒரே ஒரு முறை, மென்மையாக அடியுங்கள். அடித்தவுடன் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். முன்னால் போகிறவரின் தலையையும் தோளையும் கவனியுங்கள். தலை திரும்பினாலோ, தோள் இடப்பக்கம் ஒதுங்கினாலோ கேட்டுவிட்டது என்று பொருள். அசைவே இல்லையென்றால் காதில் இசை ஓடுகிறது. அப்போது நடை வேகத்துக்குக் குறைத்து, அருகில் வந்ததும் "எக்ஸ்கியூஸ் மீ" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஓட்டி, வலப்பக்கமாக முந்துவது வழக்கம். முந்தும்போது ஒரு மீட்டராவது இடைவெளி வேண்டும். எதிரே ஆள் வந்தால் அந்த இடைவெளி கிடைக்காது. அவர் கடக்கும் வரை பின்னாலேயே வாருங்கள். கடந்ததும் ஒரு நன்றி சொல்லுங்கள். அதே பாதையில் நாளையும் அவரைப் பார்க்கப்போகிறீர்கள்.

சிலரிடம் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை மணி கேட்டால் ஒதுங்காது, திரும்பிப் பார்க்கும். பார்த்த திசையிலேயே நடக்கவும் தொடங்கும். கைத்தடியோடு வரும் முதியவர் திரும்பும்போது தடுமாறலாம். ஆகவே அவர்களுக்கு மணியைவிடக் குரலே நல்லது. நாய் ஒரு பக்கமும் அதைப் பிடித்திருப்பவர் மறுபக்கமுமாக இருந்தால் நடுவில் கயிறு உண்டு என்றே கொள்ளுங்கள். நீளும் வகைக் கயிறு மெலிதானது, மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. நான்கைந்து பேர் வரிசையாக நடந்தால், மணி கேட்டதும் பாதிப் பேர் இடமும் மீதிப் பேர் வலமும் ஒதுங்கி, கடைசி நொடியில் ஒருவர் தன் நண்பரிடம் தாவுவார். அந்தக் கடைசி ஆளுக்காகக் காத்திருங்கள்.

மணியின் வகையும் முக்கியம். சுத்தியல் ஒரு தடவை தட்டி "டிங்" என்று நீளும் பித்தளை மணி வாங்குங்கள். கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில், பிரேக்கிலிருந்து விரலை எடுக்காமல் அடிக்கும்படி பொருத்துங்கள். பேட்டரி ஹாரன் வேண்டாம். கார் வந்துவிட்டதோ என்று ஆட்களைப் பதறவைக்கும்.

கேள்வி: மழை விட்டபின் மரப்பலகைப் பாலத்தில் பின்சக்கரம் வழுக்கி விழப்போனேன். டயர் புதியது. பிரேக்கும் அன்று சரியாகப் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் என்ன செய்வது?
– பொங்கோல் வாசகர்

பதில்: டயர் புதியதாக இருந்தாலும் ஈரப் பலகை வழுக்கும். நிழலில் இருக்கும் பலகையில் கண்ணுக்குத் தெரியாத பாசி படர்ந்திருக்கும். இரும்பு வடிகால் மூடி, தரையில் பூசிய குறியீட்டுச் சாயம், உதிர்ந்து நசுங்கிய பூவும் இலையும் அதே வகைதான். பெய்யத் தொடங்கிய முதல் பத்து நிமிடம் குறிப்பாக மோசம். தரையிலுள்ள தூசியும் எண்ணெயும் நீரில் கலந்து மெல்லிய சேறாகும், அது கழுவிப்போகும் வரை பிடிப்பு இருக்காது.

இத்தகைய இடத்துக்கு முன்பே, பிடிப்புள்ள தரையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பலகையின் மேல் ஏறியபின் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம், அழுத்தி மிதிக்கவும் வேண்டாம். உங்கள் பின்சக்கரம் வழுக்கியதற்கு இம்மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருந்திருக்கும். சைக்கிளைச் சாய்க்காமல் நேராக உருண்டு கடந்துவிடுங்கள். பலகை இடுக்கும் மூடியின் கம்பி இடுக்கும் நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் உள்ளே இறங்கிவிடும். கூடிய மட்டும் செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

இனி பிரேக். ரிம்மைப் பிடிக்கும் வகையாக இருந்தால், நனைந்தபின் சக்கரம் ஓரிரு சுற்றுச் சுற்றும் வரை பிரேக் கட்டை நீரைத்தான் துடைக்கும். அதன் பிறகே பிடிக்கும். ஆகையால் மழையில் அவ்வப்போது லேசாகத் தொட்டுத்தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். நிற்கும் தூரத்தை இரு மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அதில் மணலோ அலுமினியத் துணுக்கோ புதைந்திருந்தால் ஊசியால் நெம்பி எடுங்கள், இல்லையென்றால் ரிம்மை அரித்துவிடும். கட்டையிலுள்ள பள்ளக்கோடுகள் மறைந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். டிஸ்க் பிரேக் ஈரத்தில் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் அதன் உராய்வுப் பூச்சு 1 மி.மீ. ஆகும்போதே மாற்றிவிடுங்கள். வட்டின்மேல் எண்ணெய் ஒரு துளிகூடப் படக் கூடாது. செயினுக்கு ஸ்பிரே அடிக்கும் பலர் இங்கேதான் பிரேக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

டயரில் காற்றைக் கல்லுபோல் அடிக்காதீர்கள். 32 மி.மீ. அகல டயரும் 65–70 கிலோ எடையும் என்றால் முன்னே 50, பின்னே 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். மழை நாளில் அதிலும் 5 குறைக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் கீழ் வரம்புக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. இரு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு போடுங்கள். முதுகில் சேறு படாமல் இருப்பதோடு, செயினும் அதிக நாள் உழைக்கும்.

மழையில் நனைந்த செயினை அன்றே துடைத்துவிட வேண்டும். காய்ந்த துணியால் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஈரம் போனபின், ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு துளி எண்ணெய். பத்து நிமிடம் கழித்து, வெளியே மிஞ்சியதை முழுவதும் துடையுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மணலைப் பிடித்துவைப்பதைத் தவிர எதற்கும் உதவாது. தேய்மானம் பார்க்க ஓர் அங்குல அளவுகோல் போதும். செயின் கண்ணிகளை இணைக்கும் ஓர் ஊசியின் மையத்திலிருந்து 12 அங்குலம் அளந்தால், புதிய செயினில் இன்னோர் ஊசியின் மையம் சரியாக அங்கே இருக்கும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வரை விட்டுவிட்டால் பின்பல்சக்கரங்களும் தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

இடி மின்னல் தொடங்கினால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். அருகிலுள்ள அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய்விடுங்கள். கால்வாயோரப் பாலத்தடிப் பாதைகளில் நீர் நிமிடங்களில் ஏறும். அங்கே எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மேலே ஏறிச் சாலை வழியாகக் கடக்க வேண்டும். சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். பாதையில் கட்டாயமில்லை என்றாலும், ஈரப் பலகைக்கு அந்த வேறுபாடு தெரியாது. எப்போதும் அணியுங்கள்.

கேள்வி: எதிரே வருவோரின் விளக்கு கண்ணைக் கூசுகிறது. என் விளக்கும் அப்படித்தானோ?
– ஈசூன் வாசகர்

பதில்: சோதிப்பது எளிது. சைக்கிளை நிறுத்தி, விளக்கைப் போட்டு, 10 மீட்டர் முன்னால் போய்த் திரும்பிப் பாருங்கள். உங்களுக்குக் கூசினால் எல்லாருக்கும் கூசும். ஒளிவட்டத்தின் நடு, சைக்கிளுக்கு 5 அல்லது 6 மீட்டர் முன்னே தரையில் விழும்படி விளக்கைக் கீழே சாய்த்து வையுங்கள். விளக்குள்ள பாதையில் 100 முதல் 200 லூமன் ஒளி போதும். மினுக்கும் முறை வேண்டாம். எதிரே வருபவரால் உங்கள் தூரத்தைக் கணிக்க முடியாது. இரவு 7 முதல் காலை 7 வரை முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு விளக்கு சட்டப்படி கட்டாயம். இங்கே ஆண்டு முழுவதும் 7 மணி வாக்கில்தான் விடிகிறது என்பதால் ஆறரைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சந்தைக்கும் என் சகோதரி வீட்டுக்கும் போக மின்சைக்கிள் வாங்கித் தரலாமா?
– ஜூரோங் வாசகி

பதில்: முதலில் அம்மா போகும் வழியைப் பாருங்கள். மின்சைக்கிளைச் சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் சாலையிலும் ஓட்டலாம், சாதாரண நடைபாதையில் ஓட்டக் கூடாது. சந்தைக்குப் போகும் கடைசி 300 மீட்டர் நடைபாதை என்றால் அதை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 20 கிலோ வரை எடையுள்ள வண்டியோடு காய்கறிப் பையும் சேரும். அம்மாவால் அது முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

முடியும் என்றால்: மோட்டார் 250 வாட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மிதித்தால் மட்டுமே துணைசெய்ய வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் துண்டித்துக்கொள்ள வேண்டும். அனுமதி பெற்றதைக் காட்டும் ஆரஞ்சு முத்திரையும் பதிவு எண்பலகையும் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம். ஓட்டுபவர் 16 வயது நிறைந்தவராக இருப்பதோடு, 2022 ஜனவரி முதல் கோட்பாட்டுத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்திலோ வாசற்கதவருகிலோ சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான்.

கேள்வி: நீர்நாய், உடும்பு, குரங்கு எல்லாம் பாதையில் குறுக்கிடுகின்றன. மலைப்பாம்பையும் பார்த்தேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வழியை விட மனமில்லை!
– அங் மோ கியோ வாசகி

பதில்: விட வேண்டாம். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு, 2012இல் வளைந்து நெளியும் இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. மீனும் நீர்நாயும் வாழும் ஆற்றோரமாக அலுவலகம் போவது எத்தனை ஊர்களில் வாய்க்கும்?

நீர்நாய்கள் குடும்பமாகப் போகும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று கொண்டு, 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். குட்டிகளோடு இருக்கும்போது கடிக்கத் தயங்காது. உடும்பு சத்தம் கேட்டு ஓடும், ஆனால் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே வேகத்தைக் குறையுங்கள். குரங்குகளுக்கு நெகிழிப் பை என்றால் உணவு. முன்கூடையில் பையைத் தொங்கவிடாதீர்கள், மூடிய பைக்குள் வையுங்கள். மலைப்பாம்பு பெரும்பாலும் கால்வாய்க்குத்தான் போய்க்கொண்டிருக்கும். மணி அடிக்காமல், படம் எடுக்க நெருங்காமல், அது போகும் வரை நில்லுங்கள். நகராமல் கிடந்தால் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பலத்த மழை பெய்து சட்டென்று குளிர்ந்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, தூங்குமூஞ்சி மரக்கிளைகளை அண்ணாந்து பாருங்கள். புறா ஆர்க்கிட் தொற்றியிருந்தால் அன்று ஒரு நாள் மட்டும் வெள்ளையாகப் பூத்திருக்கும். தெம்புசு மரம் பூக்கும் பருவத்தில் மாலைப் பாதை முழுக்க மணக்கும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறவருக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும். நின்று பார்ப்பதானால் பாதையை விட்டுப் புல்லில் ஏற்றி நிறுத்துங்கள்.

கேள்வி: மாலை மழை வலுத்தால் மடக்குச் சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாமா?
– தோ பாயோ வாசகர்

பதில்: எந்நேரமும் கொண்டுபோகலாம். மடித்தபின் 120 செ.மீ. × 70 செ.மீ. × 40 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது. நிலையத்துக்குள் நுழையும் முன்பே மடித்து, சக்கரத்தைத் துடைத்து, பெடலையும் ஹேண்டிலையும் ஓர் உறையால் மூடிவிடுங்கள். பிறர் உடையில் கறை படாது. நெரிசலான ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுங்கள்.